பட்டத்துக்கு எல்லை வேண்டும், ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சாவகாசமாக வந்து படியுங்கள்.

அரச குடும்பங்களில் யார் யாருக்கு இளவரசர், இளவரசி என்ற பட்டம் இருக்கலாம், அது எந்தத் தலைமுறையோடு நிற்க வேண்டும் என்பதுதான் இன்றைய பொருள். "மன்னராட்சி போன காலத்தில் இது நமக்கு எதற்கு சார்?" என்று என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். இன்றைக்கும் உலகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரு மன்னரோ ராணியோதான் தலைவர். பல நாடுகளில் அவர்கள் வீட்டுச் செலவில் மக்களின் வரிப்பணம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இந்த விஷயத்தில் சின்னப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட இடத்தில் ஓய்வு பெற்ற வாத்தியாருக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும் அல்லவா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்துக்கு எல்லை கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த எல்லையைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறந்து, பேர் வைத்து, அந்தப் பேரோடு பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிறகு "நீ இளவரசன் இல்லை" என்று சொல்வது சரியில்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 28 அன்று டென்மார்க் அரண்மனை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அப்போது ராணியாக இருந்தவர் இரண்டாம் மார்கரெத்தே. 1972 ஜனவரியில் பட்டத்துக்கு வந்தவர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஃபிரெடெரிக், இன்று அவர்தான் மன்னர். இளையவர் யோவாகிம். அந்த யோவாகிமின் நான்கு பிள்ளைகளுக்கும் 2023 ஜனவரி 1 முதல் இளவரசர், இளவரசி பட்டம் கிடையாது, இனி அவர்கள் மோன்பெசா கவுண்ட், பெண்ணுக்குக் கவுண்டஸ், அவ்வளவுதான் என்றது அறிவிப்பு. கவுண்ட் என்பது பிரபு மாதிரியான ஒரு பட்டம். மோன்பெசா, ராணியின் பிரெஞ்சுக் கணவர் வீட்டுப் பெயர்.

அன்றைக்கு அந்த நான்கு பிள்ளைகளின் வயதைக் கவனியுங்கள். மூத்தவர் நிகோலாய்க்கு 23. அடுத்த ஃபெலிக்ஸுக்கு 20. ஹென்ரிக்குக்கு 13. கடைக்குட்டி அதீனாவுக்கு 10.

அரண்மனை சொன்ன காரணம் நியாயமானது. அரச குடும்பத்தின் கடமைகளும் கட்டுப்பாடுகளும் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே அமைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். மற்ற நாட்டு அரச குடும்பங்களும் இப்படித்தான் சுருங்கி வருகின்றன என்றார்கள். எல்லாம் சரி. ஆனால் தந்தை யோவாகிம் பத்திரிகைக்காரர்களிடம் மனம் விட்டுப் பேசினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வயது ஆகும்போது பட்டம் போகும் என்றுதான் மே மாதம் தன்னிடம் பேச்சு நடந்தது என்றும், இப்படி எல்லோருக்கும் ஒரே நாளில் போகும் என்பது ஐந்து நாள் முன்புதான் தெரியும் என்றும் சொன்னார். பள்ளியில் மகளைக் கேலி செய்கிறார்கள் என்ற பேச்சும் அந்த வீட்டிலிருந்து வந்தது.

அடுத்த வாரமே, அக்டோபர் 3 அன்று, ராணி இன்னோர் அறிக்கை விட்டார். இளைய மகனும் குடும்பமும் இவ்வளவு பாதிக்கப்படுவார்கள் என்று தான் கணிக்கவில்லை, அதற்கு வருந்துகிறேன் என்றார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

ராணியைக் குறை சொல்லுவது எளிது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. தான் போன பிறகு அண்ணன் மன்னராக உட்கார்ந்து தம்பி பிள்ளைகளின் பட்டத்தை எடுத்தால், அது இரண்டு வீட்டுக்கும் ஆறாத புண்ணாகிவிடும். அந்தப் பழியைத் தாய் தன் தலையில் போட்டுக்கொள்வது மேல் என்று அவர் நினைத்திருக்கலாம். 2024 ஜனவரி 14 அன்று அவரே அரியணையை விட்டு இறங்கி மகனிடம் ஒப்படைத்ததைப் பார்க்கும்போது, வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போக நினைத்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அவர் செய்ததில் இரண்டு குறை உண்டு. ஒன்று, காலம் கடந்து செய்தார். இரண்டு, அதை எல்லோருக்குமான விதியாகச் செய்யவில்லை. இரண்டையும் விரித்துச் சொல்லுவதற்கு முன்னால், எல்லையே எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பட்டம்தானே, காசா பணமா? இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு மன்னருக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் மூன்று பிள்ளைகள். பட்டம் எல்லோருக்கும் இறங்குகிறது. பிள்ளைகள் 3, பேரர்கள் 9, கொள்ளுப்பேரர்கள் 27, எள்ளுப்பேரர்கள் 81. கூட்டினால் 120 பேர். நாலே தலைமுறையில் 120 இளவரசர்களும் இளவரசிகளும். இன்று சவூதி அரேபியாவில் இளவரசர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெருக்கல் வாய்ப்பாடு தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் பெரும்பாலான நாடுகளில் பட்டம் மகன் வழியில் மட்டும் இறங்கும். மகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கிடையாது. அதனால் கணக்கு தானாகக் கட்டுக்குள் இருந்தது. அது பெண்ணுக்கு இழைத்த அநீதி. அதன் மேல் கட்டிய சிக்கனம். இப்போது ஸ்வீடன், நெதர்லாந்து, நார்வே, பெல்ஜியம், டென்மார்க், பிரிட்டன் ஆகிய நாடுகளில் ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்குத்தான் அரியணை. நல்ல மாற்றம். ஆனால் மகளையும் மகனைப் போல நடத்தினால் மகள் வழிப் பிள்ளைகளும் பட்டியலில் வருவார்கள். ஆகவே பெண்ணுக்கு நியாயம் செய்ய நினைக்கும் நாடு பட்டத்துக்குத் தலைமுறை எல்லையும் போட்டாக வேண்டும். இரண்டும் சேர்ந்தே வர வேண்டியவை.

இன்னொன்று, பட்டம் வெறும் அலங்காரம் இல்லை. அது ஒரு வேலையின் அடையாளம். மருத்துவமனைத் திறப்பு விழாவுக்குப் போவது, வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்பது, துக்கம் நடந்த ஊருக்குப் போய் நிற்பது எல்லாம் அந்த வேலை. வேலை இருப்பவருக்குச் சம்பளம் உண்டு, பொறுப்பும் உண்டு. வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, ஆனால் பட்டம் மட்டும் இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளையின் நிலையை யோசியுங்கள். எங்கே போய் வேலை கேட்டாலும் "அரண்மனைப் பேரைக் காட்டிச் சம்பாதிக்கிறான்" என்று பேசுவார்கள். டென்மார்க்கில் 2016ஆம் ஆண்டே, ராணியின் எட்டுப் பேரப்பிள்ளைகளில் பிற்காலத்தில் மன்னராகப் போகும் கிறிஸ்டியன் ஒருவருக்குத்தான் அரசு மானியம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் மற்ற ஏழு பேரும் சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டும். நிகோலாய் 2018ஆம் ஆண்டே மாடலிங் வேலைக்குப் போய்விட்டார். உழைத்துச் சாப்பிடுகிற பிள்ளை. அவருக்குப் பட்டம் ஒரு சுமையும்தான்.

ஆகவே எல்லை சரி. இப்போது முதல் குறைக்கு வருகிறேன். அது எப்போது போடப்பட வேண்டும்?

பிரிட்டனில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. எலிசபெத் ராணியின் மகள் ஆன், தன் பிள்ளைகள் பீட்டர், ஸாரா இருவருக்கும் எந்தப் பட்டமும் வேண்டாம் என்று முடிவு செய்தார். பீட்டர் பிறந்தது 1977, ஸாரா 1981. மன்னரின் பேரப்பிள்ளைகள்தான், வாரிசு வரிசையில் இடமும் உண்டு. ஆனால் பிறந்த நாள் முதல் சாதாரண திரு, செல்வி. கடைசி மகன் எட்வர்டுக்கு 1999ஆம் ஆண்டு திருமணம் ஆனபோதே, அவருக்குப் பிள்ளைகள் பிறந்தால் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு உரிய பெயர்தான், இளவரசர் என்று அழைப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். முதல் குழந்தை லூயிஸ் பிறந்தது 2003. அதாவது நான்கு ஆண்டுகள் முன்னாலேயே விஷயம் முடிந்துவிட்டது. எந்தக் குழந்தையிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. டென்மார்க்கில் கேட்ட அழுகுரல் இங்கே கேட்கவே இல்லை.

நெதர்லாந்தும் அப்படித்தான். இன்றைய மன்னரின் தம்பி கான்ஸ்டன்டைனின் மூன்று பிள்ளைகளும் பிறந்ததிலிருந்தே கவுண்ட், கவுண்டஸ். இளவரசர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. இல்லாததை இழக்க முடியாது அல்லவா?

ஸ்வீடன் இதற்கும் டென்மார்க்குக்கும் நடுவில் நிற்கிறது. 2019 அக்டோபர் 7 அன்று மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்டாஃப், தன் இளைய பிள்ளைகள் கார்ல் ஃபிலிப், மதலேன் இருவரின் ஐந்து குழந்தைகளையும் அரச இல்லத்திலிருந்து விலக்கினார். 'ராயல் ஹைனஸ்' என்ற அடைமொழி போனது. அரச கடமைகள் இல்லை. ஆனால் இளவரசர், இளவரசி என்ற பெயரை அவர்கள் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம், அது அவர்களோடு சரி, அவர்களுடைய பிள்ளைகளுக்கு இறங்காது என்றார். அன்று அந்த ஐவரில் மூத்த குழந்தைக்கு வயது 5. கடைசிக்கு 1. பெற்றோரும் வரவேற்றார்கள். பிள்ளைகளுக்குச் சுதந்திரமாக வாழ வழி கிடைத்தது என்று கார்ல் ஃபிலிப் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு அவருக்கு 2021லும் 2025லும் மேலும் இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களுக்கும் இதே ஏற்பாடு. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரண்டு தாத்தா பாட்டிகளும் எடுத்த முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்த குழந்தைகளுக்கு, பெயரில் கை வைக்காமல் செய்தார். இன்னொருவர் 23 வயது வாலிபனுக்கு, பெயரையே மாற்றிச் செய்தார். வலியில் வித்தியாசம் வராமல் என்ன செய்யும்?

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். ஒரு பிள்ளைக்கு அதன் பெயர் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிற வெறும் எழுத்து இல்லை. தினமும் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கிறதே, அந்த நிற்றல்தான் அந்தப் பிள்ளை. நடு வருஷத்தில் ஒரு பிள்ளையின் பெயரோ முதலெழுத்தோ மாறினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். பெரியவர்கள் ஆயிரம் காரணம் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளையின் காதில் விழுவது ஒன்றுதான்: "நீ என்ன தப்புப் பண்ணினாய்?" தப்பே செய்யாத பிள்ளையைத் தண்டனை பெற்றவன் மாதிரி நிற்க வைத்துவிடுகிறோம்.

இந்தக் காயம் லேசில் ஆறாது என்பதற்கு ஸ்வீடன் குடும்பத்திலேயே ஒரு கதை இருக்கிறது. சிக்வார்ட் பெர்னடோட் என்பவர் இன்றைய ஸ்வீடன் மன்னரின் சித்தப்பா முறை. இளவரசராகப் பிறந்தவர். 1934ஆம் ஆண்டு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை மணந்ததற்காக அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. மனிதர் சும்மா இருக்கவில்லை. புகழ் பெற்ற தொழில் வடிவமைப்பாளராக உயர்ந்தார். அவருடைய நிறுவனம் வடிவமைத்த ஒரு சமையலறைக் கிண்ணம் இன்றும் ஸ்காண்டிநேவிய வீடுகளில் புழங்குகிறது. இவ்வளவு சாதித்தும் பட்டம் போன வருத்தம் அவரை விடவில்லை. 1983ஆம் ஆண்டு தன்னை மறுபடி இளவரசர் என்றே அறிவித்துக்கொண்டார். அரண்மனை ஏற்கவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2002ஆம் ஆண்டு 94 வயதில் பட்டம் திரும்பாமலே இறந்தார். அந்தக் கிண்ணத்துக்கு யாருடைய பெயர் வைத்தார்கள் தெரியுமா? அவருடைய தங்கை மகள் மார்கரெத்தேயின் பெயர். ஆமாம், பின்னாளில் டென்மார்க் ராணியாகி, தன் பேரப்பிள்ளைகளின் பட்டத்தை எடுத்த அதே மார்கரெத்தேதான். தாய்மாமன் கதை தெரிந்தவர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

இப்போது இரண்டாவது குறை. விதி என்றால் அதில் ஆட்களின் பெயர் இருக்கக் கூடாது, உறவுமுறைதான் இருக்க வேண்டும். டென்மார்க் அறிவிப்பு யோவாகிமின் வாரிசுகளைப் பற்றி மட்டும் பேசியது. ஃபிரெடெரிக்கின் நான்கு பிள்ளைகளும் இளவரசர், இளவரசியாகவே இருக்கிறார்கள். மன்னரின் பிள்ளைகள், இருக்கட்டும். ஆனால் நாளைக்குக் கிறிஸ்டியன் மன்னரானால், அவருடைய தங்கைகள், தம்பியின் பிள்ளைகளுக்கு என்ன? அதற்கும் சேர்த்து அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் அது விதி. எழுதாததால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் செய்ததாகத் தெரிகிறது. வகுப்பில் "பேசினால் வெளியே நிற்க வேண்டும்" என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஏற்கும். "முருகன் பேசினால் வெளியே நிற்க வேண்டும்" என்றால் முருகன் மட்டுமில்லை, அவன் பெஞ்சில் இருப்பவர்களும் ஏற்க மாட்டார்கள்.

எழுதி வைத்த விதிக்குப் பழைய உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. முதல் உலகப் போர் நடுவில், 1917 நவம்பர் 30 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஓர் அரச ஆணை போட்டார். மன்னரின் பிள்ளைகள், மன்னரின் மகன்களுடைய பிள்ளைகள், வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுக்குப் பிறக்கும் மூத்த மகன், இவர்களுக்கு மட்டும்தான் இளவரசர் பட்டம். ஜெர்மன் உறவுகள் மேல் மக்களுக்கு இருந்த கோபம் ஒரு காரணம். அதே ஆண்டுதான் குடும்பப் பெயரையே வின்ட்சர் என்று மாற்றினார்கள். ஆளின் பெயர் சொல்லாமல் உறவுமுறையைச் சொன்ன ஆணை அது. அதனால்தான் நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. அதிலும் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே பட்டம் இருந்தவர்களையும் அது விடவில்லை. விக்டோரியா ராணியின் கொள்ளுப்பேரன் அலஸ்டர், இளவரசராகப் பிறந்து மூன்று வயதில் பட்டம் இழந்தான். மூன்று வயது என்பதால் குழந்தைக்குத் தெரிந்திருக்காது. மகன் வழி மட்டும் என்ற பழைய பாரபட்சமும் அதில் இருக்கிறது.

விதி இருந்தும் அதை மக்களுக்குப் புரியச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாரியின் பிள்ளைகளே சாட்சி. மகன் ஆர்ச்சி 2019ஆம் ஆண்டு பிறந்தபோது எலிசபெத்தின் கொள்ளுப்பேரன். 1917 ஆணைப்படி பட்டம் இல்லை. அண்ணன் வில்லியமின் எல்லாப் பிள்ளைகளுக்கும் மட்டும் 2012ஆம் ஆண்டு தனி ஆணை போட்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 8 அன்று தாத்தா சார்லஸ் மன்னரானார். உடனே ஆர்ச்சி மன்னரின் மகனுடைய மகன். ஆணைப்படி பட்டம் வந்துவிட்டது. ஆனால் 2023 மார்ச் வரை அரண்மனைப் பட்டியலில் அது ஏறவில்லை. கொடுப்பார்களா மாட்டார்களா என்று ஆறு மாதம் உலகப் பத்திரிகைகளுக்கு அதுதான் தீனி. அந்தக் குழந்தைக்கு அப்போது வயது மூன்று.

ஒரேயடியாக வெட்டினாலும் ஆபத்துதான். ஜப்பானைப் பாருங்கள். போருக்குப் பிறகு 1947ஆம் ஆண்டு 11 கிளைக் குடும்பங்களைச் சேர்ந்த 51 பேரை ஒரே நாளில் அரச குடும்பத்திலிருந்து விலக்கினார்கள். இளவரசிகள் சாதாரணக் குடும்பத்தில் மணம் முடித்தால் அன்றோடு வெளியே. 2021ஆம் ஆண்டு இளவரசி மாகோ அப்படித்தான் வெளியேறினார். பெண் அரியணை ஏற முடியாது. இன்று அரச குடும்பத்தில் மொத்தமே 16 பேர். வாரிசு வரிசையில் மூன்றே பேர். அதில் ஒருவர் 1935ஆம் ஆண்டு பிறந்த முதியவர். இளையவர் ஹிசாஹிதோ ஒருவர்தான். இப்போது பழைய கிளைகளிலிருந்து ஆண்களைத் தத்தெடுக்கலாமா, இளவரசிகளைத் திருமணத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாமா என்று விவாதம் நடக்கிறது. மரத்தைக் கவாத்து செய்ய வேண்டும். அதற்காகக் கன்றுகளையும் சேர்த்து வெட்டிவிட்டால் தோப்பு ஏது?

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு தாய்லாந்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தலைமுறைக்கும் பட்டம் ஒரு படி இறங்கும். மன்னரின் பிள்ளைகள் மேல் படி. ஆண் வழியில் பேரப்பிள்ளை மட்டத்தில் 'மாம் சாவ்'. அவருடைய பிள்ளை 'மாம் ராச்சவோங்'. அவருடைய பிள்ளை 'மாம் லுவாங்'. அதற்குப் பிறகு பட்டமே கிடையாது. இந்தக் குடும்பத்து வழி என்று காட்டக் குடும்பப் பெயரோடு ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். யாரும் யாரிடமிருந்தும் பிடுங்குவதில்லை. மாலை வெளிச்சம் போலத் தானாகக் குறைகிறது. தன் பிள்ளை தன்னைவிட ஒரு படி கீழே என்பது அப்பாவுக்குத் திருமணத்துக்கு முன்பே தெரியும். அந்த 'மாம் ராச்சவோங்' மட்டத்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவர், சேனி பிரமோத், குக்ரித் பிரமோத். இரண்டாம் ராமா மன்னரின் கொள்ளுப்பேரர்கள். இருவருமே அரசியலில் இறங்கித் தாய்லாந்தின் பிரதமர்கள் ஆனார்கள். பட்டம் குறைந்தது அவர்களுடைய வாழ்க்கையைக் குறைக்கவில்லை.

அங்கேயும் மகள் வழியைச் சேர்க்கவில்லை என்ற குறை உண்டு. அதைத் திருத்திக்கொண்டால் நல்ல மாதிரி.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2025 அக்டோபர் 30 அன்று சார்லஸ் மன்னர் தன் தம்பி ஆண்ட்ரூவின் இளவரசர் பட்டத்தையும் எடுக்கப்போவதாக அரண்மனை அறிவித்தது. "பார்த்தீர்களா, டென்மார்க் மாதிரியே" என்று சிலர் எழுதினார்கள். இல்லை. அது ஒரு தனி மனிதரின் நடத்தை பற்றிய நடவடிக்கை. இது ஒரு குற்றமும் செய்யாத கிளைகளுக்கு எல்லை போடும் ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாக்கினால், எல்லைக்கு வெளியே நிற்கிற ஒவ்வொரு பிள்ளையும் குற்றவாளி மாதிரி தெரியும். ஆண்ட்ரூவின் இரண்டு மகள்களின் இளவரசிப் பட்டத்தைத் தொடவில்லை. அது சரியான முடிவு. தகப்பன் செய்ததற்கு மகள்களை நிறுத்தக் கூடாது.

என் யோசனைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. எல்லையை உறவுமுறையால் எழுதுங்கள். மன்னரின் பிள்ளைகள், அடுத்து மன்னராகப் போகிறவரின் பிள்ளைகள், அதோடு நிற்கட்டும்.

இரண்டு. மகன் வழி, மகள் வழி இரண்டுக்கும் ஒரே விதி.

மூன்று. விதி இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்குத்தான். ஏற்கெனவே பட்டம் இருப்பவர் அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளட்டும். அவரோடு அது முடியட்டும்.

நான்கு. பணம் வேறு, பட்டம் வேறு. அரச கடமை செய்யாதவருக்கு வரிப்பணம் ஒரு காசும் வேண்டாம். இதை இன்றைக்கே செய்யலாம், இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்து. முடிவைப் பிள்ளைகளிடம் அப்பா அம்மா சொல்ல வேண்டும். தொலைக்காட்சி சொல்லக் கூடாது.

"மூன்றாவது யோசனைப்படி போனால் மாற்றம் தெரிய அறுபது எழுபது வருஷம் ஆகுமே" என்று கேட்பீர்கள். ஆகட்டுமே. முடியாட்சி என்பதே நூற்றாண்டுக் கணக்கில் நடக்கிற சமாச்சாரம். ஆயிரம் வருஷம் நின்ற டென்மார்க் அரியணைக்கு நான்கு பேர் தங்கள் ஆயுள் வரை பழைய பெயரை வைத்துக்கொள்வதால் என்ன குறைந்துவிடும்? சம்பளம் இல்லை, அரண்மனை இல்லை, கடமை இல்லை. வெறும் பெயர். அதற்கு ஆகும் செலவு சுழியம். அதைப் பிடுங்குவதற்கு ஆன செலவு, ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் விழுந்த விரிசல்.

இந்தியாவில் நாம் வேறு வழியில் போனோம். 1971ஆம் ஆண்டு 26ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் மன்னர் மானியமும் மன்னர் என்ற அங்கீகாரமும் எல்லோருக்கும் ஒன்றாகப் போய்விட்டன. குடியரசில் அதுதான் சரி. அங்கே யாரும் "என்னை மட்டும் ஏன்?" என்று கேட்க முடியாது. ஆனால் மன்னரை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்த நாடுகள், சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்றுதான் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும்போது முன்கூட்டியே சொல்ல வேண்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இன்றைய டென்மார்க் மன்னர் ஃபிரெடெரிக்கின் பிள்ளைகளில் மூத்த கிறிஸ்டியன் வாலிப வயதுக்கு வந்துவிட்டார். இன்னும் யாருக்கும் திருமணம் ஆகவில்லை. அந்த நால்வருக்கும் பிறக்கப் போகும் குழந்தைகளுக்கு என்ன பெயர், எது எல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி இப்போதே வெளியிட்டுவிடலாம். இன்றைக்கு அதைப் படித்து அழ ஒரு குழந்தையும் இல்லை. இருபது வருஷம் கழித்து எழுதினால் இருக்கும்.

உங்கள் கருத்து மாறுபட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். மரியாதையோடு சொன்னால் பதில் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்